புகையாத மூன்றாவது போத்தல்

ஜன்னலோர வெளிச்சத்தில் மூன்று கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் அரை விரல் உயரத்துக்கு நிறமில்லாத ஒரு மருந்துக் கரைசல். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாங்கள் லெப் மிஸ் என்று கூப்பிடுகிறவர் முதலாவது குழாயில் ஒரு சொட்டு விடுகிறார். சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெள்ளைப் புகை ஒன்று சுருண்டு சுருண்டு கீழே இறங்குகிறது, தண்ணீரில் தேங்காய்ப்பால் விழுந்த மாதிரி. இரண்டாவது குழாயிலும் அதே புகை. மூன்றாவதில் சொட்டு விழுந்தது, கலந்தது, அவ்வளவுதான். மிஸ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தக் குழாயைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். “தம்பி, இந்த மூண்டும் ஒரே ஆள்ர முதுகில இருந்துதானே வந்த?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். “அப்ப அந்தாளுக்கு ரெண்டு முதுகு” என்றார்.

எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் நான் சிற்றூழியராக இருக்கிறேன். எது என்பது வேண்டாம். கட்டில் தள்ளுவது, நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, இரத்தமும் சிறுநீரும் எடுத்த போத்தல்களை லெப்புக்குக் கொண்டுபோவது, முடிவுத் துண்டுகளை வாங்கி வருவது, இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் வேலை. படிப்பு ஓ.எல். பரீட்சை வரைதான். கதைப்பதும் எனக்கு வராது. நாலு பேர் இருக்கிற அறைக்குள் ஸலாம் சொல்லி நுழைய வேண்டுமென்றால், வாசலில் நின்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நுழைவேன். அப்படிப்பட்ட நான் இதை எழுதுவதற்குக் காரணம், லெப் மிஸ் போன மாதம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழுதவில்லை.

மிஸ் காரைதீவில் இருந்து ஸ்கூட்டரில் வருவார். குள்ளமான உருவம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பிடித்து வைத்தாலும் நிற்காத மூக்குக் கண்ணாடி. லெப்பில் புது மெஷின்கள் வந்த பிறகும் அவர் ஒரு பழைய பழக்கத்தை விடவில்லை. முள்ளந்தண்டு நீர் எடுத்து வந்த போத்தல்கள் எத்தனையோ, அத்தனையிலும் புதுச் சொட்டுக்குழாயால் ஒவ்வொரு சொட்டு எடுத்து அந்தக் கரைசலில் விட்டுப் பார்ப்பார். நீரில் புரதம் கூடியிருந்தால் புகை இறங்கும். மெஷினுக்குப் போகிற போத்தலா, கொழும்புக்குப் போகிற போத்தலா என்றெல்லாம் அவருக்கு வித்தியாசம் இல்லை. “மிஸ் சொட்டு விளையாட்டுத் தொடங்கிட்டாங்க” என்று இளம் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். “எல்லாப் போத்தலும் கண்ணுக்கு நல்லவன்தான் புள்ள” என்பார் மிஸ். வேறு விளக்கம் சொல்லமாட்டார்.

அந்த மூன்று போத்தல்களும் மைக் காக்காவினுடையவை. அவர் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில் அறிவித்தல் செய்கிறவர், மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். கல்முனைக்குடிச் சந்திகளில் இருந்து தெற்கே பல ஊர்களுக்கு அவர் குரல் பழக்கம். கீரி மீன் மலிவு என்றாலும் அவர்தான், உதைபந்து இறுதிப் போட்டி என்றாலும் அவர்தான், ஒரு வீட்டில் வளர்த்த ஆடு காணாமற் போனாலும் அவர்தான். ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவித்தல் என்றால் குரலை இறக்கி, மவுத்தானவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய வாப்பா, யாருக்கு மச்சான் என்று துண்டுக் காகிதம் பார்க்காமல் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ஊரின் உறவுமுறை முழுக்க அவர் தலைக்குள் இருந்தது.

இதை எழுதலாமா என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். “எழுது. ஊரச் சொல்லாத, தொழில மாத்தாத” என்றார் அவர். “எங்கட பக்கத்தில ஸ்பீக்கர் ஆட்டோ எத்தின ஓடுது. தேடிப் புடிக்கட்டுமே.” அவர் மனைவியை நான் அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ராத்தா, “வருத்தத்த எழுதினா, வைத்தியம் இரிக்கி எண்டதையும் சேத்து எழுதுங்க தம்பி. சனம் ஒளிச்சிக்கிட்டு இரிக்காம டொக்டர்ட்டப் போகட்டும்” என்றார். அந்த இரண்டு பேரின் சொல்லையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மைக் காக்காவின் வருத்தம், அந்த நோய், தொடங்கியது ஒரு ஜனாஸா அறிவித்தலில். இரும்புக்கடை ஹாஜியாரின் மைத்துனர் மவுத்தாகியிருந்தார். மைக் காக்கா வீதி வீதியாகப் போய் ஹாஜியாரே மவுத்து என்று அறிவித்துவிட்டார். ஆட்டோ கடைவாசலுக்கு வந்தபோது ஹாஜியார் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாராம். தராசைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, “காக்கா, நான் மவுத்தெண்டா எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே” என்றிருக்கிறார். சந்தியே சிரித்தது. மைக் காக்காவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து மைக்கைக் கழற்றி வைக்கும்போது அவருடைய கை நடுங்கியதை ராத்தா கண்டார். அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாதி வசனத்தில் நிற்பார். படி ஏறும்போது கால் தேடும். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று யோசிப்பவர் போல் இருப்பார். யாராவது கேட்டால் “ம்” என்று ஒரு சத்தம். நாள் முழுக்கக் கதைத்த மனிதரிடம் அந்த ஒரு சத்தம்தான் மிஞ்சியது.

அவர் எங்கள் விடுதிக்கு, நான் வேலை செய்கிற வார்டுக்கு, வந்தபோதுதான் எனக்கு மற்ற விஷயமும் தெரிய வந்தது. பல வருடங்களுக்கு முன்பு வெளிநாட்டு வேலை முடித்து வந்தபோது அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையும் இல்லை. ராத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் சோதித்துப் பார்த்தார்கள், இல்லை. வேறொரு ஊர் கிளினிக்குக்குப் போய் ஒவ்வொரு முறையும் குளிசை வாங்கி வந்து, ஒரு நாள் கூடத் தவறாமல் விழுங்கி வந்திருக்கிறார். சொந்தக்காரர்களுக்கு அது பிரஷர் குளிசை. இரத்தத்தில் கிருமி மெஷினுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது வெளியே போகக் கூடாது என்றார். வெளியே போக என்னிடம் வாய் இருந்தால்தானே. என் கூச்சம் யாருக்காவது உதவியதென்றால் அந்த நாட்களில்தான்.

டொக்டர் எங்கள் பக்கத்துக்குப் புதியவர். பெண். எதையும் இரண்டு தரம் கேட்பார். தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் இல்லை, கட்டி இல்லை. இரத்தத்தில் கிருமி இல்லையென்றாலும் மூளைப் பக்கம் அது தனியாகத் தங்கியிருக்கலாம், சிலபேருக்கு அப்படி நடக்கும், முள்ளந்தண்டு நீரை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினால்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னார். அங்கே இருந்தால் குளிசையை மாற்றலாம், மாற்றினால் மனிதர் திரும்பி வரலாம். இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும், அதற்குள் எவ்வளவு போய்விடும் என்று சொல்ல முடியாது. ராத்தாவுக்கு இது விளங்கியது. ஆனால் முதுகில் ஊசி என்ற சொல் அவரைக் கலக்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் முதுகுத் தண்ணி எடுத்தால் கால் இழுத்துவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் கால் இழுத்த ஒருவரின் கதையோடு வந்தார்கள். இரண்டு நாள் இழுபறி.

மூன்றாம் நாள் காலையில் டொக்டர் மைக் காக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, “உங்கட கடைசி மகள்ர பேர் என்ன?” என்று கேட்டார். அவர் வாய் திறந்தது. கண்கள் கூரையில் தேடின. ராத்தா சொல்லிக் கொடுக்கப் போனபோது டொக்டர் கையைக் காட்டித் தடுத்தார். நான் பக்கத்துக் கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். பெயர் வரவில்லை. கடைசியில் மைக் காக்கா டொக்டரின் பக்கம் திரும்பி, “எடுங்க” என்றார். அவ்வளவு நாளில் அவர் முழுதாகச் சொன்ன ஒரே சொல் அதுதான். ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தலையாட்டினார்.

என் பிழை அதற்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நடந்தது. மக்காவுக்குப் போய் உம்றா முடித்து வந்த பக்கத்து வீட்டார் ராத்தாவுக்குக் கொஞ்சம் ஸம்ஸம் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். மௌலவியிடம் ஓதி வாங்கியிருந்தார். அது மூடி தொலைந்த ஒரு பாணிமருந்துப் போத்தலில், வாயில் பொலித்தீன் சுற்றி வந்திருந்தது. “தம்பி, சிந்திப் போகும் போல இரிக்கி, ஒரு சின்னப் போத்தல் தாங்களேன்” என்று கேட்டார். எனக்கு இரக்கம். லெப்புக்கு அனுப்புகிற மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஊற்றி, மூடி, தலைமாட்டு லொக்கரில் வைத்துவிட்டு வெளியே போனார்.

டொக்டர் வந்து திரை இழுத்தார். நான் மைக் காக்காவை ஒருக்களித்து வளைத்துப் பிடித்துக்கொண்டேன். ஊசி நல்லபடியாகப் போனது. தண்ணீர் போலத் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக மூன்று போத்தல்களில் விழுந்தது. டொக்டர் அவற்றை மூடித் தட்டில் வைத்த நேரம், அடுத்த விடுதியில் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது என்று ஓடிவந்து கூப்பிட்டார்கள். “லேபல் எழுதியிரிக்கி, ஒட்டி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். நான் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்தேன். லொக்கரில் மருந்து சிந்தியிருந்தது. துடைப்பதற்காக ஸம்ஸம் போத்தலைத் தூக்கினேன். ஓதின தண்ணீரைக் காலடியில் வைக்கக் கூடாது. கட்டிலில் வைத்தால் உருளும். தட்டில் வைத்தேன். துணியை அலசிப் பிழிந்துவிட்டுத் திரும்பி வந்தபோது தட்டில் மூன்று போத்தல் இருந்தது. ராத்தா தன்னுடையதை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்றுக்கும் லேபல் ஒட்டினேன். ஒன்று மெஷினுக்கு, ஒன்று கிருமி வளர்த்துப் பார்க்க, ஒன்று ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு.

மிஸ்ஸின் குழாயில் புகையாமல் நின்றது அந்தக் கொழும்புப் போத்தல். வாகனம் இரண்டு மணிக்குப் புறப்படும். சுவர் மணிக்கூடு ஒன்றைத் தாண்டியிருந்தது. “இதில புரதம் எண்ட பேச்சே இல்ல. இது குடிக்கிற தண்ணி மாதிரிக் கிடக்கு” என்றார் மிஸ். குடிக்கிற தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தட்டு, லொக்கர், துணி எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஸம்ஸம் என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். மிஸ் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கு நடுவில் வாழ்ந்தவர், மிச்சத்தை அவரே பிடித்துக்கொண்டார். “அப்ப முதுகுத் தண்ணி அந்த மனிசிட கையில. ஓடுங்க தம்பி. குடிச்சா அவருக்கு ஒண்டும் ஆகாது, அவர்ரதானே. ஆனா கேள்விக்கு மறுமொழியும் சேந்து போயிரும். இன்னொருக்கா முதுகக் குத்த விடுவாங்களா?”

விடமாட்டார்கள். அது எனக்கு மிஸ்ஸை விட நன்றாகத் தெரியும். நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஓடிய ஒரே நாள் அதுதான். விடுதிக்குள் நுழைந்தபோது ராத்தா கட்டிலருகே முக்காடு இழுத்து உட்கார்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார். மடியில் வெள்ளைக் கைக்குட்டை, அதற்குள் போத்தல். ஓதுகிறவரை நடுவில் மறிப்பதா என்று நின்றேன். பிறகு மணி ஞாபகம் வந்தது.

“ராத்தா, அதக் குடுத்திட்டீங்களா?”

“இல்ல தம்பி, இன்னம் ஒரு பக்கம் கிடக்கு. ஓதி முடிச்சிட்டுக் குடுப்பம் எண்டு. என்ன, மூச்சு வாங்குது?”

“அது ஸம்ஸம் இல்ல ராத்தா. அது காக்காட முதுகுத் தண்ணி. நான்தான் மாறிப்போட்டன்.”

ராத்தா கைக்குட்டையை விரித்துப் போத்தலைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். “அதுதானே பாத்தன்” என்றார். “கையில எடுக்கக்குள்ள வெதுவெதெண்டு இரிந்திச்சி. பரக்கத்து எண்டு நெனச்சி நெஞ்சோட வெச்சிக்கிட்டு இரிந்த நான்.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் வந்தது போலிருந்தது. மல்லாந்து படுத்திருந்த மைக் காக்கா கண்ணைத் திருப்பி, “என்ன… என்ன” என்றார். “உங்களுக்கு உங்களையே குடிக்கக் குடுக்கப் பாத்தன்” என்றார் ராத்தா. காக்காவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, உதட்டின் ஒரு பக்கம் மேலே போனது.

போத்தலோடு திரும்பி ஓடினேன். மிஸ் புதுச் சொட்டுக்குழாயோடு தயாராக நின்றார். நான்காவது குழாயில் சொட்டு விழுந்தது. புகை இறங்கியது. அதைப் போல அழகான ஒன்றை நான் லெப்பில் கண்டதில்லை. மிஸ் பழைய லேபலைக் கிழித்து, புதிதாக எழுதி ஒட்டி, நடந்ததைக் கொப்பியில் இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போத்தலை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். வாகனக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

மேசையில் ஸம்ஸம் மிச்சம் இருந்தது. லெப்புக்குள் வந்தது ஒருவர் வாய்க்கும் போகக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம். நான் போத்தலைப் பார்த்தபடி நின்றேன். “சிங்கில ஊத்தேலாது, எனக்குத் தெரியும்” என்றார் மிஸ். “ஆக்கள் மிதிக்காத இடமாப் பாப்பம்.” லெப்புக்குப் பின்னால் மதிலோரம் ஒரு வேப்ப மரம். மிஸ் அதுவரை வந்தார். நான் கேட்காமலே அவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வேரடியில் ஊற்றினேன்.

“டொக்டருக்குச் சொல்லணும்” என்றேன். மிஸ் சொல்லிவிடுவார் என்ற நப்பாசை. “ஓம், சொல்லணும். நீங்கதான்” என்றார். “நான் சொன்னா கோள். நீங்க சொன்னா விசயம் முடிஞ்சிது.” டொக்டரின் அறை வாசலில் நின்று, வழக்கம் போல மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாலு தரம் சொல்லியும் வசனம் நேராகவில்லை. நேராகாத வசனத்தோடு உள்ளே போய்ச் சொல்லி முடித்தேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “லேபல் ஒட்டாமப் போனது என்ட பிழை. அது முதலாவது” என்றார். “உங்கடது ரெண்டாவது. ரெண்டையும் எழுதுறன்.” அன்றிலிருந்து எங்கள் விடுதியில் ஊசி எடுப்பதற்கு முன்னமே போத்தலுக்கு லேபல் ஒட்டுகிற வழக்கம் வந்தது. ராத்தாக்கள் யாராவது போத்தல் கேட்டால், நான் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஜாம் போத்தலைத்தான் கொடுக்கிறேன்.

சில வாரங்களில் மறுமொழி வந்தது. இரத்தத்தில் கிருமி இல்லை. முள்ளந்தண்டு நீரில் இருக்கிறது. டொக்டர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றதைப் பார்த்து, கிருமி இருக்கிறது என்பதற்கு ஒரு மனிதர் சந்தோஷப்படுவாரா என்று எனக்குக் குழப்பம். மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் குடும்பத்துக்குச் சாகாமத்துப் பக்கம் வயல் இருக்கிறது. அதை வைத்தே சொன்னார். “வாய்க்கால் முழுக்க மருந்து ஓடுது தம்பி, வாய்க்கால் சுத்தம். ஆனா மதகு பூட்டியிருக்கிற வயலுக்குள்ள மருந்து போகல்ல, அங்க புல்லு நிண்டு வளருது. வாய்க்கால மட்டும் பாத்தா வெளங்குமா? இப்ப எந்த வயல் எண்டு தெரிஞ்சிட்டு. மதகத் தாண்டிப் போற மருந்தாப் பாத்துக் குடுப்பாங்க.” அந்தப் போத்தல் மாறிப் போயிருந்தால் கொழும்பில் இருந்து என்ன மறுமொழி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நீரிலும் கிருமி இல்லை என்று வந்திருக்கும். வயலே கிடையாது என்று எல்லோரும் திரும்பி வந்திருப்பார்கள்.

குளிசை மாறியது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் கிளினிக்குக்கு வந்தவர், நான் தள்ளிய சக்கர நாற்காலியில் இருந்தபடி, “மெதுவாத் தள்ளு, இது கப்பல் இல்ல” என்றார். நான் நாற்காலியை நிறுத்திவிட்டு முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அடுத்த முறை நாற்காலி இல்லை, ராத்தாவின் தோளைப் பிடித்து வந்தார். அதற்கடுத்த முறை ராத்தா பின்னால் வந்தார். மாதங்கள் போகப் போக, வரிசையில் காத்திருக்கிற சனத்துக்கு இலக்கம் கூப்பிடுகிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். “இலக்கம் பதினாலு, பச்சைச் சட்டை போட்ட வாப்பா, நித்திரைய விட்டெழும்பி உள்ளுக்குப் போங்க.” தாதிமார் தடுக்கவில்லை.

ஆட்டோவும் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் இப்போது கையில் துண்டு. ஒவ்வொரு அறிவித்தலையும் ராத்தா பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார். ஜனாஸா என்றால் பின் சீட்டில் ராத்தாவே ஏறிக்கொள்வார். காக்கா ஒரு பெயருக்கு முன்னால் நின்றால், பின்னாலிருந்து மெல்லமாக எடுத்துக் கொடுப்பார். அது ஸ்பீக்கரிலும் கேட்கும். சனம் பழகிவிட்டது. இதற்கு மேல் வராதோ என்ற யோசனை காக்காவுக்கு இருந்தது. என்னிடம் ஒருநாள், “வாசிக்கிறதுக்கு நான் எதுக்கு, பள்ளிக்கூடப் புள்ள போதும்” என்றார். டொக்டர் வற்புறுத்தவில்லை. போனதில் எவ்வளவு திரும்பும் என்பதை நாள்தான் சொல்லும் என்றார்.

போன மாதம் மிஸ்ஸின் பிரியாவிடை. மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வேண்டும் என்றதும் மைக் காக்காவைக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சியையும் நானே நடத்துகிறேன் என்றாராம். மிஸ்ஸுக்கும் டொக்டருக்கும் எனக்கும் தவிர, அவருக்கும் மிஸ்ஸுக்கும் என்ன தொடர்பு என்று அங்கே பலருக்குத் தெரியாது. வேலை செய்கிற அத்தனை பேரும் ஒவ்வொருவராக முன்னால் போய் மிஸ்ஸுக்கு ஒரு பூக் கொடுப்பது என்று ஏற்பாடு. ராத்தா பெயர்களை வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். மைக் காக்கா அந்தத் தாளை வாங்கி, மடித்து, மேசையில் இருந்த வட்டிலப்ப இனிப்புத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். ராத்தா எழும்பப் போய், மறுபடி உட்கார்ந்தார்.

அவர் தொடங்கினார். பெரிய டொக்டரிலிருந்து, தாதிமார், மருந்து கொடுக்கிறவர்கள், சமையலறைக்காரர்கள் என்று ஒவ்வொரு பெயராக வந்தது. பெயரோடு ஊரும் வந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு பகிடியும் வந்தது. ராத்தாவின் உதடுகள் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன, அவர் நின்றால் எடுத்துக் கொடுக்க. பத்துப் பேர், இருபது பேர், முப்பது பேர். அவர் நிற்கவில்லை. ராத்தாவின் உதடுகள் எப்போது அசைவதை விட்டன என்று நான் கவனிக்கவில்லை. நான் கதவோரம் கடைசி வரிசையில் இருந்தேன்.

“அடுத்ததாக” என்றார். என்னைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். டொக்டர் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். ராத்தா பாதி எழும்பிவிட்டார். எனக்கு அந்த நேரம் என் பெயரை நானே கத்திவிடலாம் போலிருந்தது, அதுவும் நான்.

மைக் காக்கா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார். “இவர்ர பேர் எனக்கு நல்லாத் தெரியும்” என்றார். “சொன்னா இந்தாள் எழும்பி ஓடிரும். அதுதான் பாக்கிறன். கதவுப் பக்கம் நிக்கிறவங்க கொஞ்சம் கதவச் சாத்துங்க, பொறகு சொல்றன்.”

மண்டபம் சிரித்தது. யாரோ உண்மையாகவே கதவைச் சாத்தினார்கள். ராத்தா நாற்காலியில் விழுந்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் முக்காட்டை முகத்தில் போட்டுக்கொண்டார். மைக் காக்கா என் பெயரைச் சொன்னார். என் வாப்பாவின் பெயரோடு, எங்கள் வீதியின் பெயரோடு, ஓர் எழுத்துக் குறையாமல், எட்டு ஊருக்குக் கேட்கிற குரலில். எழும்பி நடந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. ஆனாலும் அவர் அதை இன்னொரு தரம் சொன்னால் கேட்கலாம் போலிருந்தது.